ஐமேக்ஸ் என்பது அளவா, பெயரா?

2023 ஜூலையில் ‘ஓப்பன்ஹைமர்’ வந்தபோது உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான ஐமேக்ஸ் தியேட்டர்களில் ஓடியது. ஆனால் அதை 70 எம்எம் ஐமேக்ஸ் ஃபிலிமில் ஓட்டிய தியேட்டர்கள் வெறும் 30. அமெரிக்காவில் 19, கனடாவில் 6, பிரிட்டனில் 3, ஆஸ்திரேலியாவில் ஒன்று, செக் குடியரசில் ஒன்று. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. சென்னையில் பார்த்தவரும் ‘ஐமேக்ஸ்ல பாத்தேன்’ என்றார், மெல்போர்னில் பார்த்தவரும் அதையேதான் சொன்னார். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ரெண்டு பேர் பார்த்ததும் ஒரே விஷயம் இல்லை. இது எப்படி ஆச்சு என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் ‘70 எம்எம்’ என்ற வார்த்தையைத் தீர்த்துவிடுவோம். நமக்கு அது ரொம்பப் பழக்கம். 1975இல் ‘ஷோலே’, தமிழில் 1986இல் ‘மாவீரன்’ என்று போஸ்டரிலேயே பெரிசாகப் போட்ட காலம் உண்டு. அந்த 70 எம்எம்மில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும். ஒரு ஃபிரேமுக்கு ஓரத்தில் 5 ஓட்டை. படத்தின் அகலம் ஃபிலிமின் அகலத்துக்குள் அடங்கியாக வேண்டும். ‘ஷோலே’ எடுத்ததே 35 எம்எம்மில்தான், பிறகு பெரிதாக்கி 70இல் அச்சடித்தார்கள்.

ஐமேக்ஸ் இதே ஃபிலிமைப் படுக்கப் போட்டது. ஃபிலிம் பக்கவாட்டில் ஓடும். அப்போது ஃபிலிமின் அகலம் படத்தின் உயரமாக மாறுகிறது. படத்தின் அகலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளலாம். அவர்கள் நீட்டியது 15 ஓட்டை வரைக்கும். அதனால்தான் இதை 15/70 என்பார்கள். சாதாரண 70 எம்எம்மைவிட ஃபிரேமின் பரப்பு சுமார் மூன்று மடங்கு. 35 எம்எம்மோடு ஒப்பிட்டால் ஒன்பது, பத்து மடங்கு வரும். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.43:1. அதாவது நம் பழைய சினிமாஸ்கோப் மாதிரி நீளப் பட்டை இல்லை, கிட்டத்தட்ட பழைய டிவி பெட்டியின் வடிவம்.

இது தோன்றிய இடம் கனடா. 1967இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில் பல புரொஜெக்டர்களை ஒன்றாக ஓட்டிப் பெரிய படம் காட்டினார்கள். ஒன்றோடொன்று சேர்ந்து ஓடவைப்பதே பெரும் தலைவலி. கிரேம் ஃபெர்குசன், ரோமன் க்ரோய்ட்டர், ராபர்ட் கெர் மூவரும் ‘இத்தனை எதுக்கு, ஒரே ஒரு பலமான புரொஜெக்டர் போதாதா’ என்று கிளம்பினார்கள். பொறியாளர் வில்லியம் ஷா பிறகு சேர்ந்தார்.

சிக்கல் எங்கே என்றால் வேகத்தில். சாதாரண புரொஜெக்டரில் ஃபிலிம் நொடிக்கு 24 தடவை நின்று நின்று இழுபடும். 35 எம்எம் நிமிஷத்துக்கு 27 மீட்டர் ஓடும், அதுக்கு இந்த இழுப்பு தாங்கும். 15/70க்கு நிமிஷத்துக்கு சுமார் 103 மீட்டர் ஓட வேண்டும். அந்த வேகத்தில் ஓட்டையைப் பிடித்து வெடுக் வெடுக்கென்று இழுத்தால் ஃபிலிம் கிழிந்துபோகும்.

விடை ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து வந்தது. ரான் ஜோன்ஸ் என்பவர் ‘உருளும் மடிப்பு’ முறை ஒன்றைக் கண்டுபிடித்து காப்புரிமை வைத்திருந்தார். பெரிய ஜமக்காளத்தைத் தரையில் விரித்தபின் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்று வையுங்கள். மொத்தமாக இழுத்தால் வராது. ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு மடிப்பை எழுப்பி, அந்த மடிப்பை அடுத்த ஓரம்வரை தள்ளிக்கொண்டே போனால், மடிப்பின் அளவுக்கு ஜமக்காளம் நகர்ந்திருக்கும். அதேதான் இங்கேயும். சுழலும் உருளையின் இடைவெளிகளில் ஃபிலிம் அலைபோல மடிந்து உருண்டு வரும். லென்ஸுக்கு முன் வந்ததும் ஓட்டைகள் அசையாத ஊசிகளில் போய் உட்காரும், ஃபிலிமை வெற்றிடம் உறிஞ்சிக் கண்ணாடியோடு ஒட்டவைக்கும். யாரும் இழுப்பதில்லை, அதனால் கிழிவதும் இல்லை. படம் திரையில் அப்படி ஆடாமல் நின்றதற்கு இதுதான் காரணம். என்னைக் கேட்டால் ஐமேக்ஸின் உண்மையான கண்டுபிடிப்பு பெரிய ஃபிலிம் கிடையாது, இந்த மடிப்புதான்.

1970இல் ஒசாகா கண்காட்சியில் முதல் படம் ‘டைகர் சைல்ட்’. அடுத்த வருஷமே டொராண்டோவில் ‘சினிஸ்பியர்’ என்ற முதல் நிரந்தர அரங்கம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். இந்த மெஷினை வாங்கியவர் பெரிய திரை கட்டியே ஆகவேண்டும். 15 கிலோவாட் செனான் விளக்கு, அதைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய், தனி ஒலி அமைப்பு, செங்குத்தாக ஏறும் இருக்கைகள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு சின்னத் திரையில் படம் காட்டுவது, சோளப்பொரி பொரிக்க செங்கல் சூளை கட்டுகிற கதை. அளவு விளம்பரத்தில் இல்லை, மெஷினிலேயே இருந்தது. அந்தக் காலத்தில் ‘ஐமேக்ஸ்’ என்று எழுதியிருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று கேட்கவே வேண்டியதில்லை.

ஆனால் வியாபாரம்? நாற்பது நிமிஷ இமயமலைப் படமும் கடல் படமும் மியூசியத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வரும், அவ்வளவுதான். 1994இல் நிறுவனம் கைமாறியதும் புது முதலாளிகள் ஹாலிவுட் பக்கம் திரும்பினார்கள். 2002இல் 35 எம்எம் படங்களை ஸ்கேன் செய்து, மெருகேற்றி, 15/70இல் அச்சடிக்கும் முறை வந்தது. ‘அப்போலோ 13’ முதலில். அதே வருஷம் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் ‘அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்’. 142 நிமிஷப் படத்தை ஐமேக்ஸுக்காக 120 நிமிஷமாக வெட்டினார்கள். சென்சார் இல்லை, விநியோகஸ்தர் இல்லை. ஃபிலிம் சுற்றி வைக்கும் தட்டு அதற்கு மேல் கொள்ளாது, அதான். ஒரு படத்தின் எடிட்டிங்கை ஒரு தட்டு முடிவு செய்திருக்கிறது!

ஒரு பிரிண்டுக்கே பல்லாயிரம் டாலர். ஹார்ட் டிஸ்க்குக்கு அதில் சொற்பம். ஆக 2008இல் டிஜிட்டல் வந்தது ஆச்சரியமில்லை. மல்டிபிளெக்ஸில் ஏற்கெனவே இருக்கிற ஓர் அரங்கை எடுத்து, முன் வரிசைகளைக் கழற்றி, திரையைக் கொஞ்சம் பெரிசாக்கி முன்னால் கொண்டுவந்து, ரெண்டு 2கே புரொஜெக்டரை ஒன்றன்மேல் ஒன்றாக விழும்படி வைத்தார்கள். வெளிச்சம் கூடியது. ஆனால் 2கே என்பது சுமார் 22 லட்சம் புள்ளிகள், பக்கத்து அரங்கில் ஓடும் சாதாரண டிஜிட்டலும் அதேதான். விகிதம் 1.43இலிருந்து 1.90க்குச் சுருங்கியது. பெயர் மட்டும் மாறவே இல்லை.

அமெரிக்காவில் இதற்குச் சண்டையே நடந்தது. 2009இல் நடிகர் அசிஸ் அன்சாரி, கூடுதல் காசு கொடுத்துப் போய்ச் சின்னத் திரையைப் பார்த்து ஏமாந்ததாக எழுதினார், அது பரவியது. பொய் என்ற அர்த்தம் வர ‘லைமேக்ஸ்’ என்று கேலிப்பெயரும் ஒட்டிக்கொண்டது. நிறுவனம் புது அரங்குகளுக்குத் தனிப்பெயர் வைக்கவில்லை. எனக்கு இதில் டிஜிட்டல் மேல் கோபம் இல்லை, இந்தத் தனிப்பெயர் வைக்காததன் மேல்தான். ஒரு கிலோ என்று எழுதிய பாக்கெட்டில் முக்கால் கிலோ இருந்தால் கேட்க ஆள் உண்டு, திரைக்கு எடைக்கல் கிடையாது.

டிஜிட்டலின் பக்கம் நியாயமும் இருக்கு. அது இல்லாமல் சென்னைக்கு ஐமேக்ஸ் வந்தே இருக்காது. நூறாவது காட்சியிலும் கீறல் இல்லை. 2014, 2015 வாக்கில் வந்த இரட்டை 4கே லேசர் புரொஜெக்டர் கதையையே மாற்றியது. செனான் டிஜிட்டலில் கறுப்பு சாம்பல் மாதிரி இருக்கும், லேசரில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். உயரமான திரை இருந்தால் 1.43ஐயும் காட்டும். சிட்னியில் 35 மீட்டருக்கு மேல் அகலமான ஃபிலிம் ஐமேக்ஸ் திரை இருந்தது, 2016இல் இடித்துவிட்டார்கள். 2023இல் அதே இடத்தில் திறந்தது லேசர், திரையும் பழையதைவிடச் சிறிசு. உலகின் மிகப் பெரிய ஐமேக்ஸ் திரை இப்போது ஜெர்மனியின் லியோன்பெர்கில், 38.8 மீட்டர் அகலம், 21 மீட்டர் உயரம். அதுவும் டிஜிட்டல்தான். ஹைதராபாத் பிரசாத்ஸ் 2003இல் ஃபிலிம் ஐமேக்ஸாகத் திறந்தது. பிறகு ஐமேக்ஸ் பெயர் அங்கிருந்து போய்விட்டது, பெரிய திரைக்குக் கூட்டம் இன்னும் போகிறது.

அப்ப ஃபிலிம் செத்ததா? நோலன் விடவில்லை. 2008இல் ‘த டார்க் நைட்’ படத்தில் சுமார் 28 நிமிஷம் ஐமேக்ஸ் கேமராவில் எடுத்தார். அந்தக் கேமராவில் ஆயிரம் அடி ரோல் மூன்று நிமிஷத்தில் தீர்ந்துவிடும், சத்தமும் மெஷின் கடை மாதிரி. ‘ஓப்பன்ஹைமர்’ பிரிண்ட் 11 மைல் நீளம், சுமார் 270 கிலோ. மூன்று மணி நேரப் படம் என்பதால் தட்டையே நீட்டிக் கட்ட வேண்டியிருந்தது. அந்தத் தட்டுகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி பழைய ‘பாம்’ கையடக்கக் கணினி. அது இப்போது கிடைப்பதில்லை என்பதால், அதைப்போலவே நடிக்கும் மென்பொருளை டேப்லெட்டில் போட்டு ஓட்டினார்கள். மெஷின் இருக்கிறது, உதிரிபாகம் அரிது, தெரிந்த ஆபரேட்டர்கள் அதைவிட அரிது.

இன்னொரு விசித்திரம்: ‘டியூன்’ இரண்டாம் பாகம் டிஜிட்டலில் எடுத்த படம். அதையும் 15/70 ஃபிலிமில் அச்சடித்து சில ஊர்களில் ஓட்டினார்கள், ஜனம் வரிசையில் நின்று பார்த்தது. நோலனின் ‘த ஒடிஸி’ 2026 ஜூலைக்கு அறிவிக்கப்பட்ட படம். அதன் ஃபிலிம் காட்சிகளுக்கு ஒரு வருஷம் முன்பே, 2025 ஜூலையில் டிக்கெட் விற்றார்கள்.

நம்மூரில் டிக்கெட் எடுப்பவருக்கு உபயோகமான கணக்கு ஒன்று. 1.43இல் எடுத்த காட்சியை 1.90 திரையில் போட்டால், அகலம் அப்படியே இருக்க, மேலும் கீழும் சேர்த்து கால்பங்கு படம் போய்விடும். சென்னை ஐமேக்ஸில் கிடைப்பது இந்த முக்கால். சாதாரண அரங்கின் ஸ்கோப் திரையில் 2.39க்கு வெட்டினால் நாற்பது சதவீதம் போகும். ஆக நோலன் மாதிரி ஆட்கள் படத்துக்கு நம்ம ஐமேக்ஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கு. முழுக்க ஸ்கோப்பில் எடுத்த படம் என்றால் அங்கே உயரம் ஒன்றும் கூடாது, மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான் வரும். அதற்குப் பதில் பக்கத்தில் நல்ல சவுண்ட் உள்ள பெரிய ஸ்கோப் திரை இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.