மலைப் பெண்களின் ஸரளா பென்

மீரா பென்னின் பெயரை நேயர்கள் நன்கு அறிவார்கள். ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஒருவரின் குமாரி. 1925-ம் வருஷத்தில் ஸபர்மதிக்கு வந்து மகாத்மாவின் புத்திரியாகவே ஆகிவிட்டவர். ஆனால் அதே இங்கிலாந்திலிருந்து, பெரிய இடத்துப் பெயர் ஏதும் இல்லாமல், ஏழு வருஷம் கழித்து வந்து சேர்ந்த மற்றொரு மாதைப் பற்றி நம்மில் வெகு சிலரே கேள்விப்பட்டிருப்போம். குமாவுன் மலைகளிலே அவரை ஸரளா பென் என்று அழைத்தார்கள்.

காதரின் மேரி ஹைல்மன் என்பது பெற்றோர் இட்ட பெயர். 1901-ல் லண்டனில் பிறந்தார். தாயார் ஆங்கில மாது; தந்தையோ ஜெர்மன் மொழி பேசும் ஸ்விஸ்காரர். அந்தக் குற்றத்துக்காக முதல் உலக யுத்தத்தின்போது தந்தையைக் காவலில் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சிறுமியை மற்றவர்கள் ஒதுக்கினார்கள். அவளுக்குக் கிடைக்க வேண்டிய உபகாரச் சம்பளமும் கிடைக்கவில்லை. படிப்பு பாதியில் நின்றது. குமாஸ்தா வேலைக்குப் போனார். சாம்ராஜ்யத்தின் நியாயம் எத்தகையது என்பதை அவர் இந்தியாவுக்கு வந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை!

லண்டனில் பழக்கமான இந்திய மாணவர்கள் மூலம் காந்தியடிகளைப் பற்றி அறிந்தார். 1932 ஜனவரியில் கப்பலேறி இங்கே வந்தவர் பிறகு தாய்நாடு திரும்பவே இல்லை. உதயபுரியில் சில காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தார். அப்பால் வார்தாவுக்குச் சென்று, மகாத்மா அப்போது வகுத்து வந்த ஆதாரக் கல்வித் திட்டத்தில் ஈடுபட்டார். வார்தாவின் வெயிலும் மலேரியாவும் அவரை வாட்டியெடுத்தன. காந்தியடிகளின் சம்மதத்துடன் 1940-களின் தொடக்கத்தில் ஹிமாலயச் சாரலிலுள்ள கௌஸானிக்குப் போனார். 1929-ல் மகாத்மா தங்கி, கீதைக்குத் தாம் எழுதிய உரையின் முன்னுரையை முடித்த இடம் அது. எதிரே நந்தாதேவியின் பனிச் சிகரம் தெரியும்.

சிகரத்தைப் பார்ப்பதற்கு அவ்வூர்ப் பெண்களுக்கு அவகாசம் ஏது? ஆடவர்களில் பலர் பட்டாளத்துக்கும், சமவெளிப் பட்டணங்களில் ஊழியத்துக்கும் போய்விடுவார்கள். ஏர் பிடிப்பது ஒன்றே ஆண்பிள்ளை வேலை. நாற்று நடுவது, களை பறிப்பது, அறுப்பது, மாட்டுத் தொழுவத்தைப் பேணுவது, செங்குத்தான சரிவில் ஏறிப் புல் அறுப்பது, கருவாலித் தழையும் விறகும் கட்டி முதுகிலே சுமந்து வருவது, தண்ணீர் கொணர்வது, இவ்வளவும் பெண்களுடையவை. ஆனால் பணம் என்பது ஆடவன் வெளியூரிலிருந்து அனுப்புவது. பெண்ணின் உழைப்புக்கு விலை இல்லை; விலை இல்லாததற்கு வீட்டிலே மதிப்பும் இல்லை. 'எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தொழுவமும் வேலையுந்தான்' என்று அவர்கள் ஸரளா பென்னிடம் சொன்னார்களாம். நீங்களே இந்த மலையின் லக்ஷ்மிகள் என்பதே அவர் கூறிய மறுமொழி.

1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் மூண்டது. குமாவுனில் ஆடவர்கள் சிறை சென்றார்கள். ஸரளா பென் கிராமம் கிராமமாக நடந்து அவர்களுடைய குடும்பங்களுக்குத் துணை நின்றார். சர்க்கார் அவரை வீட்டுக் காவலில் வைத்தது, மீறினார். அல்மோராச் சிறையிலும் லக்னோச் சிறையிலுமாக ஏறக்குறைய இரண்டு வருஷம் கழிந்தது. வெள்ளைக்காரப் பெண்மணியை வெள்ளைக்கார சர்க்கார் சிறையிலிட்ட விசித்திரத்தை மலை ஜனங்கள் எப்படி மறப்பார்கள்?

1946-ல் கௌஸானியில் பெண்களுக்கென்று ஓர் ஆசிரமம் தொடங்கினார். நிலம் கொடுத்தவருடைய மனைவியின் பெயரால் அதற்கு லக்ஷ்மி ஆசிரமம் என்று பெயர். முதலில் சேர்ந்த மாணவிகள் மூன்றே பேர்! ஆச்சரியமில்லை. ஒரு பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினால் வயலில் இரண்டு கைகள் குறைந்துவிடுமே! ஆசிரமத்திலோ வேலைக்காரர் கிடையாது. பசுக்களைப் பேணுவதும், காய்கறி பயிரிடுவதும், சமைப்பதும், கம்பளி நூற்று நெய்வதும் மாணவிகளே. அவற்றோடுதான் எழுத்தும் கணக்கும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். ஏற்கெனவே உழைத்து முதுகு ஒடிந்த பெண்களுக்குப் பள்ளியிலும் உழைப்பா? கேள்வி நியாயமானதே. நமது பட்டணத்துப் படிப்பு என்ன செய்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கையில் மண் படுவதை இழிவென்று கருதவே அது கற்றுத் தருகிறது. அப்படிப் படித்த பெண் தன் தாயாரையே தாழ்வாக எண்ணத் தொடங்குவாள். ஸரளா பென் மாணவிகளின் அரிவாளைப் பிடுங்கிவிட்டுப் பேனாவைக் கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே கையில் இருக்கலாம் என்று காட்டினார். தாமும் உடன் உழைத்தார். உபதேசம் செய்துவிட்டு அடுத்த கப்பலில் ஊர் திரும்பும் பரோபகாரிகளை நமது தேசம் நிறையப் பார்த்திருக்கிறது. ஆகையினாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

விமலா நௌடியால் என்ற மாணவியின் கதையைக் கேளுங்கள். ஸுந்தர்லால் பஹுகுணா அப்போது காங்கிரஸில் வளர்ந்து வந்த இளைஞர். அவருக்கு விமலாவை மணம் பேசினார்கள். அரசியல் பதவிகளை விட்டுவிட்டுக் கிராமத்தில் குடியேறித் தொண்டு செய்வதானால் சம்மதம் என்றாள் பெண்! அவரும் ஒப்புக்கொண்டார், 1956-ல் விவாகம் நடந்தது. பின்னர் 1970-களில் மரங்களைக் கட்டித் தழுவிக் காத்த சிப்கோ இயக்கத்தில் இத்தம்பதிகளின் பங்கு உலகம் அறிந்தது. மற்றொரு மாணவியான ராதா பட் பிற்காலத்தில் ஆசிரமத்தையே நடத்தினார். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

1966-ல் ஸரளா பென் ஆசிரமப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். வினோபாவின் பூதான வேலைக்காகப் பீஹாரில் நடந்தார். சம்பல் பள்ளத்தாக்கில் சரணடைந்த கொள்ளைக்காரர்களின் குடும்பங்களிடையேயும் தொண்டு புரிந்தார். 1982 ஜூலையில் பேரிநாக் அருகேயுள்ள குடிலில் காலமானார். அவருடைய உடலைக் கௌஸானிக்குக் கொண்டுவந்து, லக்ஷ்மி ஆசிரமத்திலே ஹிந்து முறைப்படி தகனம் செய்தார்கள்.