அறப்பணியும் சட்டப் பதிவும்

திருகோணமலையின் பழைய வரலாற்றைக் கூறும் நூல்களுள் ஒன்று கவிராசவரோதயர் இயற்றிய ‘கோணேசர் கல்வெட்டு’. குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலுக்கு வகுத்த நிவந்தங்கள் எவை, எத்தொழும்பை எக்குடியினர் ஆற்றுதல் வேண்டும், எவ்வூரிலிருந்து எப்பொருள் வருதல் வேண்டும் என்பனவற்றை அந்நூல் நிரல்படக் கூறுகின்றது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோயிலைத் தகர்த்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். கட்டடம் அழிந்தது, கட்டளை எழுத்தில் நின்றது. அறத்தைச் செய்தல் ஒன்று, அதனை நிலைபெறச் செய்தல் மற்றொன்று என்பதை இத்துறைமுக நகரத்தார் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இஃதொரு சான்றாகும். அக்காலத்திற் கல்வெட்டும் பட்டயமும் செய்த பணியை இக்காலத்திற் சட்டப் பதிவு செய்கின்றது.

பதிவு எதற்கு? பத்துப்பேர் கூடிச் சங்கமொன்றை அமைத்து, ஏழை மாணவர்க்கு உணவும் நூலும் வழங்குகின்றனர் என்று கொள்வோம். அன்பரொருவர் அச்சங்கத்துக்குக் காணியொன்றை அளிக்க விரும்புகின்றார். சட்டத்தின் கண்ணுக்குச் சங்கம் என ஒருவர் இலர். பத்து மனிதரே உளர். எனவே உறுதி தலைவர் பெயரில் எழுதப்படுகின்றது. சில ஆண்டுகளிற் தலைவர் காலமாகின்றார். உறுதியிலே அறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையாயின், அவருடைய மக்கள் அக்காணியைத் தந்தையின் முதுசமென எண்ணுதல் இயல்பே. ஒருவரும் வஞ்சனை செய்யாதிருக்கவும் அறம் கைநழுவிப் போகின்றது. மனிதர் இறப்பர், அறம் இறவாதிருத்தல் வேண்டுமாயின், அதற்கு மனிதரின் வேறான ஓர் ஆள்தன்மை வேண்டும். அதனை அளிப்பதே சட்டம்.

இவ்வுண்மையை இராமகிருஷ்ண சங்கத்தின் வரலாறு நன்கு விளக்கும். 1897ஆம் ஆண்டு ஜனவரியிற் கொழும்பில் வந்திறங்கி, யாழ்ப்பாணம் வரை சென்று சொற்பொழிவாற்றிய சுவாமி விவேகானந்தர், அவ்வாண்டு மே மாதம் முதலாந் திகதி கல்கத்தாவில் அச்சங்கத்தை நிறுவினார். பின்னர் கங்கைக் கரையில் பேலூர் மடம் அமைந்தது. அம்மடத்தைப் பாலி நகரசபையினர் தனியொருவரின் பூங்காவன மாளிகையெனக் கருதி வரி விதித்தனர். உலகறிந்த துறவியின் மடமே அறநிலையம் என்பதை நீதிமன்றத்தில் நிறுவவேண்டியதாயிற்று. சின்சுரா நீதிமன்றத்தில் வழக்கு நிகழ்ந்தது. மடம் வரிவிலக்குப் பெற்றது. 1901இல் மடத்தின் உடைமைகள் நம்பிக்கைப் பொறுப்பு உறுதியொன்றினால் தருமகர்த்தாக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. 1909இல், 1860ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் இராமகிருஷ்ண சங்கம் பதிவு பெற்றது. தோற்றத்துக்கும் பதிவுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

சங்கம் தோன்றிய அதே 1897ஆம் ஆண்டிலேதான் திருகோணமலை இந்துக் கல்லூரியும் தோன்றியது. 1925இல் இராமகிருஷ்ண சங்கம் அதன் முகாமையை ஏற்றது. சுவாமி விபுலாநந்தர் அதன் வளர்ச்சிக்குப் பெரிதும் உழைத்தார். 1929இற் சட்டசபை இயற்றிய கட்டளைச் சட்டமொன்றினால் சங்கத்தின் இலங்கைக் கிளை கூட்டிணைக்கப்பட்டது. அதன் பயனாக அக்கிளை தன் பெயரிலேயே காணி கொள்ளவும், வழக்கிடவும், தனக்கென முத்திரை வைத்திருக்கவும் உரிமை பெற்றது. பொறுப்பிலிருந்த துறவியர் மாறினும் உடைமை மாறவில்லை.

ஆயினும் பதிவு எல்லாவற்றையும் காக்கும் கவசமன்று. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின்கீழ்க் கொணர்ந்தன. சட்டம் அளித்த உரிமையைப் பிறிதொரு சட்டம் மாற்றவல்லது என்பதையும் அறநிலையங்கள் மறத்தலாகாது.

இனி, சட்டம் அறமெனக் கொள்வது யாது? இங்கிலாந்தில் 1601ஆம் ஆண்டிலேயே இதுபற்றிய சட்டம் எழுந்தது. 1891இற் பிரபுக்கள் சபை பெம்செல் வழக்கில் அறத்தை நால்வகையாகப் பகுத்தது. அப்பகுப்பையொட்டி இலங்கையின் 1917ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 99ஆம் பிரிவு, வறுமை நீக்கல், கல்வியும் அறிவும் வளர்த்தல், சமயமும் சமய வழிபாடும் பேணல், மனிதகுலத்துக்குப் பயன்படும் பிற நோக்கங்கள் என்னும் நான்கினை வகுத்துரைக்கின்றது. இந்நான்கிலும் பொதுவாக நிற்பது ஒரு நிபந்தனை: பயன் பொதுமக்களை, அன்றேல் அவருள் ஒரு பகுதியினரைச் சேர்தல் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மட்டும் செய்யும் உதவி அன்பாகலாம். சட்டம் கூறும் அறமாகாது.

பதிவு என்னும் ஒரு சொல்லால் மக்கள் குறிப்பது உண்மையில் மூன்று வேறு செயல்களையாகும். அவற்றைப் பிரித்தறியாமையே பல சங்கங்கள் இடர்ப்படுதற்குக் காரணம்.

முதலாவது, அமைப்புக்குச் சட்ட உருவம் அளித்தல். நொத்தாரிசு முன்னிலையில் நம்பிக்கைப் பொறுப்பு உறுதி முடித்தல் ஒரு வழி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ், இலாபம் பங்கிடாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிதல் மற்றொரு வழி. பாராளுமன்றச் சட்டத்தாற் கூட்டிணைதல் மூன்றாவது வழி. எழுத்தில் உறுதியில்லாவிடத்தும், சூழ்நிலைகளைக் கொண்டு அறநிதி உண்டென முடிவுசெய்ய 107ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடமளிக்கின்றது. எனினும் வழக்கிட்டுப் பெறுதலினும் முன்னரே எழுதிவைத்தல் எளிது.

இரண்டாவது, அரசின் மேற்பார்வைக்குட்படுதல். பொதுமக்களின் கொடை, அரசின் நன்கொடை, உள்நாட்டு வெளிநாட்டு உதவி என்பவற்றைக் கொண்டு வறியோர், நோயாளர், அநாதைகள், உடற்குறையும் உளக்குறையும் உடையோர், அனர்த்தத்தால் துன்புற்றோர் ஆகியோர்க்குத் தொண்டு செய்யும் அமைப்புகள் பதிவு பெறவேண்டுமென 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டம் விதித்தது. நிதி மோசடி நிகழ்ந்ததென விசாரணைச் சபை காணுமாயின் இடைக்கால முகாமைச் சபையை நியமிக்க 1998ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தம் இடந்தந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர் முதலிய கரையோர ஊர்களைத் தாக்கிய பின்னர் மாவட்டமெங்கும் தொண்டு நிறுவனங்கள் பெருகின. கொடுப்போர் தொலைநாட்டிலும் பெறுவோர் இக்கரையிலும் இருக்கும்போது, இடையே நிற்பவர் கணக்குக் காட்டவேண்டியதன் இன்றியமையாமை அக்காலத்தில் எல்லோர்க்கும் புலனாயிற்று.

மூன்றாவது, இறைவரி பற்றியது. பதிவு பெற்ற சங்கமெல்லாம் வரிச்சலுகை பெற்றதாகி விடாது. கொடையாளர் தாம் அளித்த தொகையை வருமானத்திற் கழித்துக்கொள்ளுதற்கு, நிறுவனம் நிதியமைச்சரால் அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனமாதல் வேண்டும். நோயாளரையும் வறியோரையும் இல்லத்தில் வைத்துப் பராமரிக்கும் நிலையங்களுக்கே 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டு இறைவரிச் சட்டம் இத்தகைய அங்கீகாரத்தை வகுத்தது.

இவற்றுள் எவ்வழியே செல்லினும் அடிப்படையாவது அமைப்பின் யாப்பு. நோக்கம், உறுப்புரிமை, செயற்குழுவின் தேர்வு, பொதுக்கூட்டம், வங்கிக் கணக்கு, ஆண்டுக் கணக்காய்வு என்பன அதிலே தெளிவாக அமைதல் வேண்டும். அவற்றினும் தலையாயவை இரு விதிகள். வருமானத்தை உறுப்பினர் தமக்குட் பங்கிடலாகாது என்பது ஒன்று. அமைப்புக் கலையுமாயின் எஞ்சிய உடைமை உறுப்பினரைச் சேராது ஒத்த நோக்குடைய பிறிதோர் அமைப்பைச் சேர்தல் வேண்டும் என்பது மற்றொன்று. பேலூர்ச் சங்கம் பதிவு பெற்ற 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இவ்விரண்டாவது விதி காணப்படுகின்றது.

பழைய மாணவர் சங்கம், ஆலய பரிபாலன சபை, நூல்நிலையக் குழு என இந்நகரில் நற்பணி செய்வோர்க்குக் குறைவில்லை. அவர்களுட் பலர் எழுத்து வேலையைத் தொண்டுக்கு இடையூறென எண்ணுகின்றனர். கூட்டக் குறிப்பும் பற்றுச்சீட்டும் ஐந்தொகையும் தொண்டுக்குப் புறம்பானவையல்ல. இன்று கொடுப்பவனின் எண்ணத்தை அவனைக் கண்டறியாத நாளைய தலைமுறைக்கு எடுத்துச் செல்லும் தூதுகள் அவையே. கோயில் தகர்ந்த பின்னும் கோணேசர் கல்வெட்டு எஞ்சியமையாலன்றோ அக்காலத்தார் எண்ணியது இன்று அறியக் கிடக்கின்றது?