சறுக்கக் கற்பிக்கும் ஆசிரியர்

மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் வழுக்கி விழாமல் இறங்குவதே ஒரு கலை. அலவத்துகொடையில் பிறந்த குழந்தை நடை பழகும்போதே அக்கலையைக் காலாற் கற்றுக்கொள்கிறது. பெருவிரலை மண்ணில் ஊன்று, உடலை மலைப்பக்கம் சற்றே சாய் என்று அதற்கு எவரும் உபதேசிப்பதில்லை. உலகின் வேறொரு பகுதியிலோ வழுக்குவதையே மக்கள் வேண்டி விரும்புகிறார்கள். அதற்கெனப் பலகையும் பாதணியும் செய்து, முறையாகப் பயில்விக்க ஆசிரியர்களையும் அமர்த்தியிருக்கிறார்கள். அவ்வாசிரியர்களுக்குப் பரீட்சை உண்டு, தரம் உண்டு, சங்கம் உண்டு. நம் பாடசாலை ஆசிரியர்களுக்கு உள்ளதைப்போலவே குறைகளும் முறைப்பாடுகளும் உண்டு.

இப்பொருளை நான் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் ஓர் இளைஞன். என்னிடம் உயர்தரம் வரை படித்தவன். இப்பொழுது கண்டியில் ஒரு ஹோட்டலிற் பணிபுரிகிறான். ஒரு மாலை வீட்டுக்கு வந்து, கைப்பேசியில் வந்திருந்த விளம்பரம் ஒன்றைக் காட்டினான். ஐரோப்பாவிற் பனிச்சறுக்கு ஆசிரியர் வேலை. முன் அனுபவம் தேவையில்லை. உணவும் இருப்பிடமும் இலவசம். முற்பணம் ஆறு இலட்சம் ரூபாய்.

"சேர், இது நடக்கக்கூடியதா? அம்மாவின் நகைகளை அடகு வைக்கலாம், மிச்சத்தை மாமா தருவதாகச் சொல்கிறார்" என்றான்.

அவன் என்னிடம் எதிர்பார்த்தது ஆம் அல்லது இல்லை என்ற ஒரு சொல்லை. அதனைச் சொல்ல எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.

முதலில் என்னை வியப்பில் ஆழ்த்தியது உயரக் கணக்கு. பனிச்சறுக்குக்குப் பெயர்போன செயின்ட் அன்டன் என்னும் ஒஸ்திரிய ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,304 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுவிற்சர்லாந்தின் மூரன் 1,638 மீற்றர். நம் நுவரெலியாவோ 1,868 மீற்றர்! அங்கே மரக்கறித் தோட்டத்திற் கோவா பயிரிடும் ஒருவர், உலகின் செல்வந்தர் சறுக்கி விளையாடச் செல்லும் ஊர்களைவிட உயரமான இடத்தில் நாள்தோறும் குனிந்து நிமிர்கிறார். மலை நம்மிடம் இருக்கிறது, இல்லாதது அட்சரேகை. பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே உள்ள நமக்குக் குளிர்காலம் என்பதே கிடையாது. தை மாதத்துச் சில விடியற்காலைகளில் நுவரெலியாப் புல்வெளிகளிற் படியும் துகள் உறைபனி வெயில் ஏறுமுன் மறைந்துவிடுகிறது.

இத்தொழிலின் கதையைத் தேடிப்போனால், அது தொடக்கத்திலிருந்தே நாடுவிட்டு நாடு சென்ற ஆசிரியர்களின் கதையாக இருப்பதைக் காண்கிறோம். 1911 ஆம் ஆண்டு சனவரியில் தியோடர் வொன் லேர்ஹ் என்னும் ஒஸ்திரியப் படை அதிகாரி, யப்பானின் தகாதா நகரில் அந்நாட்டுப் படைவீரர்களுக்குப் பனிச்சறுக்கு கற்பித்தார். யப்பானியர் அவரை இன்றும் மறக்கவில்லை. ஆனால் இத்தொழிலுக்கு ஒரு பள்ளியின் ஒழுங்கைத் தந்தவர் ஹானெஸ் ஷ்னைடர். 1890 இற் பிறந்த அவர், 1907 இல் செயின்ட் அன்டனில் ஒரு ஹோட்டலின் சறுக்கு ஆசிரியராக அமர்ந்தார். முதலாம் உலகப் போரில் மலைப்படை வீரர்களைப் பயிற்றிய அனுபவத்தைக் கொண்டு, மாணவரைத் தரம்பிரித்து, வகுப்பு வகுப்பாக ஏற்றும் முறையை வகுத்தார். கீழ்வகுப்புப் பாடம் கைவராதவனை மேல்வகுப்புக்கு அனுப்புவதில்லை. ஆசிரியர் எவராயினும் முறை ஒன்றே. ஆர்ல்பேர்க் முறை என்று உலகம் முழுவதும் பரவியது இதுதான். 1938 இல் நாசிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியபோது அவர் சிறையிலிடப்பட்டார். 1939 இல் அமெரிக்காவின் நோர்த் கொன்வே என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து சென்றபோது, அவ்வூர்ப் பிள்ளைகள் சறுக்குத் தடிகளை உயர்த்தி வளைவமைத்து அவரை வரவேற்றனர். பிறந்த மண் கைவிட்ட ஒருவருக்கு, கற்பிக்கத் தெரிந்த தொழில் வேறொரு மண்ணில் வீடு தந்தது.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தவர் பனிச்சறுக்குக்காரர் அல்லர். மலையேறியான டென்சிங் நோர்கே. 1953 மே 29 இல் எவரெஸ்ட் உச்சியை மிதித்த மனிதருக்கு மலையைப்பற்றி யார் என்ன கற்பிக்க முடியும்? ஆயினும் மறு ஆண்டு டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, களப்பயிற்சிக்கு அவர் தலைமை ஏற்கவிருந்தபோது, வேறு ஆறு ஷேர்ப்பாக்களுடன் சுவிற்சர்லாந்தின் ரோசன்லாய் என்னும் இடத்துக்குச் சென்று, ஆர்னோல்ட் கிளாட்ஹார்டின் மலையேற்றப் பள்ளியில் அவர் மாணவராக இருந்தார். ஏறத் தெரிந்திருப்பது வேறு, ஏற்றத் தெரிந்திருப்பது வேறு என்பதை உணர்ந்து நடந்த அச்செயலை, ஆசிரிய கலாசாலை ஒவ்வொன்றிலும் எடுத்துச் சொல்லலாம். பிற்காலத்தில் எவரெஸ்டில் ஏறிய முதல் இலங்கையரான ஜயந்தி குரு-உதும்பால (ஆண்டு 2016) பயிற்சி பெற்ற இடங்களுள் அந்த டார்ஜிலிங் நிறுவனமும் ஒன்று. வெப்பநாட்டாருக்குப் பனி விலக்கப்பட்ட பொருள் அன்று என்பதற்கு அவர் சாட்சி.

இனி, சறுக்கு ஆசிரியர் உண்மையில் என்ன செய்கிறார்? முதல் நாளில் அவர் ஓடக் கற்பிப்பதில்லை. பலகைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு நிற்கவும், காயமின்றி விழவும், விழுந்தபின் சரிவுக்குக் குறுக்கே பலகையை வைத்து எழவும் கற்பிக்கிறார். அடுத்தது வேகத்தை அடக்குதல். இரு பலகைகளின் முன்நுனிகளையும் நெருக்கி, பின்பக்கங்களை அகற்றி, உள்விளிம்புகளாற் பனியை அழுத்தினால் வேகம் குறையும். இதற்குப் பனிக்கலப்பை என்று பெயர். கனடாவிற் சிறுவர்களுக்குக் கலப்பையைத் தெரியாது. ஆகவே ஆசிரியர்கள் அதனைப் 'பீட்சாத் துண்டு' என்கிறார்கள். பலகைகள் இணையாக நின்றால் அது 'உருளைக்கிழங்குப் பொரியல்'. எங்கள் இளைஞன் ஒரு நாள் அவ்விடத்தை அடைந்தானாயின் 'சமோசா' என்று சொல்லித் தருவான் என்று நினைத்துக்கொண்டேன்.

மிகக் கடினமான பாடம் வேறொன்று. சரிவைக் கண்டு அஞ்சும் மனிதன் இயல்பாகவே பின்னோக்கி, மலைப்பக்கம் சாய்கிறான். சேற்றுப் பாதையில் நம்மைக் காக்கும் அச்சாய்வே பனியில் அவனை வீழ்த்துகிறது; பாரம் பின்னே போனதும் பலகை அவன் சொற்கேளாமல் ஓடுகிறது. பள்ளத்தை நோக்கி உடலைக் கொடுத்தால்தான் பலகை திரும்பும். அச்சத்துக்கு எதிராக உடலை நடத்தும்படி ஓர் அந்நியனை, பெரும்பாலும் அவனுக்கு முற்றிலும் தெரியாத மொழியில், இணங்கச் செய்ய வேண்டும். பரீட்சையில் ஆராயப்படுவதும் இதுதான். பரீட்சகர் முன்னே அழகாகச் சறுக்கிக் காட்டியதோடு வேலை முடிவதில்லை. ஒருவனுடைய பிழையைக் கண்டுபிடித்து, அதன் காரணத்தை அறிந்து, ஒன்றை மட்டும் திருத்தச் சொல்லும் ஆற்றலும் வேண்டும்.

பரீட்சைகள் நாட்டுக்கு நாடு வேறு. பிரித்தானியச் சங்கமும் கனடாச் சங்கமும் நான்கு படிகளை வகுத்துள்ளன. பிரித்தானிய முதற்படிக்கு ஐந்து நாட் பயிற்சியும், ஒரு சறுக்குப் பள்ளியில் 35 மணிநேர உதவிப்பணியும், முதலுதவிச் சான்றும் வேண்டும். அது கிடைத்தவர் செயற்கைச் சரிவுகளிலும் கூரைக்குள் அமைந்த பனிக்கூடங்களிலும் தொடக்கநிலையினருக்குக் கற்பிக்கலாம். உயர்மலையிற் கற்பிக்க அடுத்த படிகள் வேண்டும். பிரான்சின் வாயிலோ மிகக் குறுகியது. அங்கே முழு உரிமம் பெற விரும்புவோர், கம்பங்கள் நட்ட சரிவொன்றிற் குறித்த நேரத்துக்குள் இறங்கிக் காட்டவேண்டும். குழந்தைப் பருவந்தொட்டே பனியில் வளர்ந்தோர் பலர் அதில் தோற்றுப் போகிறார்கள். இருபத்திரண்டு வயதில் முதன்முதலாகப் பனியை மிதிக்கும் நம்மூர்ப் பிள்ளைக்கு அது எட்டாத கிளை என்பதை ஒளிக்காமற் சொல்ல வேண்டும்.

கீழ்ப்படிகள் எட்டாதவை அல்ல. ஆனால் அவற்றுக்கும் முதலிற் சறுக்கத் தெரிய வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மேல்நாடுகளிற் பத்துப் பன்னிரண்டு வாரப் பயிற்சித் திட்டங்களிற் சேர்ந்து, நம் நாணயத்திற் பல இலட்சங்களைச் செலவிட்டு இப்படிகளை ஏறுகிறார்கள். நமக்கு அண்மையில் உள்ள இடம் காஷ்மீரின் குல்மார்க். 2,650 மீற்றர் உயரத்தில், நம் பிதுருதலாகலை உச்சியைவிட மேலே உள்ள அப்புல்வெளியில், 1927 இலேயே ஆங்கிலேய அதிகாரிகள் ஒரு சறுக்குக் கழகம் தொடங்கினர். இன்று இந்தியச் சுற்றுலா அமைச்சின் கீழ் இயங்கும் நிறுவனம் ஒன்று அங்கே ஏறக்குறைய இரு வார வகுப்புகளை நடத்துகிறது.

மற்றோரிடம் நம்மவர் பலருக்குப் பழகிய துபாய்! 2005 ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு பெரிய அங்காடியின் கூரைக்குள், 400 மீற்றர் நீளச் சரிவொன்றிற் பனியை ஆண்டு முழுவதும் உறையவைத்திருக்கிறார்கள். வெளியே நாற்பது பாகை வெயில்; உள்ளே பூச்சியத்துக்குக் கீழே. அதனை இயற்கைக்கு விரோதம் என்று பழிப்போர் பழிக்கட்டும். பல நாட்டுப் பணியாளர் கூடி வேலைசெய்யும் அக்கூடத்தில், ஹோட்டல் அனுபவமும் ஆங்கிலமும் உள்ள ஒருவன் சறுக்குப் பாதணி வழங்கும் வேலையிலாவது நுழைந்தால், ஓய்வுநேரத்திற் சரிவிற் காலூன்ற வழி பிறக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த தடை வீசா. சறுக்குத் தொழில் பருவத்தொழில். வடகோளத்தில் மார்கழி முதற் சித்திரை வரை. பின்னர் நியூசிலாந்திலும் ஒஸ்திரேலியாவிலும் ஆனி முதற் புரட்டாதி வரை. ஆண்டுக்கு இரண்டு குளிர்காலங்களைத் தேடிப் பறக்கும் வலசைப் பறவைகள் இவ்வாசிரியர்கள். அவ்வாறு பறக்க இளைஞர்க்கு உதவுவது, நாடுகள் தமக்குள் செய்துகொண்ட 'உழைக்கும் விடுமுறை' ஒப்பந்தம். கனடாவின் பட்டியலிலும் நியூசிலாந்தின் பட்டியலிலும் இலங்கை இல்லை. ஐரோப்பாவிற் பிரித்தானியருக்கே அவர்கள் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியபின் இவ்வேலை அரிதாகிவிட்டது. அவ்வாறிருக்க, பனியையே காணாத ஒருவனுக்கு முன் அனுபவமின்றி ஆசிரியர் வேலை தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை என்னவென்பது? நீந்தத் தெரியாதவனை நீச்சல் ஆசிரியனாக்கும் வித்தை அது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 முதல் இந்நாட்டில் இருக்கிறது. முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று அங்கே விசாரித்துப் பார்க்கும்படி இளைஞனிடம் சொன்னேன். அந்தப் பெயரில் எவரும் பதிவுபெற்றிருக்கவில்லை.

முற்பணம் என்ற சொல் இப்பகுதியில் எனக்கு வேறொன்றையும் நினைவூட்டுகிறது. அலவத்துகொடையை ஊடறுத்துச் செல்லும் கண்டி - மாத்தளை வீதி, மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர் தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாக வந்த பழைய பாதையின் தொடர்ச்சி. கங்காணி கொடுத்த முற்பணம் கடனாகி, அக்கடன் 'துண்டு' என்ற காகிதத்தில் எழுதப்பட்டு, தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் தொடர்ந்தது. அம்முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்த வழியே வந்தவர்களின் வழித்தோன்றலான இளைஞன் ஒருவன், அதே வீதியில் நின்று, இம்முறை தானே முற்பணம் கட்டிக் கடனாளியாகப் புறப்பட ஆயத்தமாக இருந்தான்.

அவன் ஆசையை நான் பழிக்கவில்லை. சுவிற்சர்லாந்தில் 1980 களிலிருந்து புகலிடம் தேடிச் சென்ற ஈழத் தமிழர் பலர் உணவகச் சமையலறைகளிற் பாத்திரம் கழுவியும் காய்கறி நறுக்கியும் வாழ்வைத் தொடங்கினார்கள். அவர்களின் பிள்ளைகள் அங்குள்ள பாடசாலைகளிற் படித்து, குளிர்காலத்திற் பள்ளியே நடத்தும் சறுக்கு முகாமுக்குச் சக மாணவரோடு போகிறார்கள். பெற்றோர் சாளரத்தின் வழியே மட்டும் பார்த்த சரிவில் பிள்ளைகள் இறங்குகிறார்கள். அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இத்தொழில் மற்றெந்தத் தொழிலையும் போன்றது. இங்கிருந்து புறப்படுபவனுக்கு அது மூன்று நான்கு ஆண்டுப் பயணம்; இடையில் எந்தப் படியிலும் நின்றுவிடலாம்.

இவை எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தவன், "சேர், பனியில் விழுந்தால் வலிக்குமா?" என்று கேட்டான். புதிய பனியானால் அவ்வளவாக வலிக்காது, உறைந்து இறுகியதானால் கருங்கல்லைப்போல் இருக்கும் என்று படித்ததைச் சொன்னேன். முற்பணம் கட்டவில்லை, நகைகள் வீட்டிலேயே இருக்கின்றன. துபாய்ப் பனிக்கூடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதித் திருத்தித் தரும்படி கொடுத்துச் சென்றிருக்கிறான். 'ஏன் இவ்வேலையை விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.