நிலமறிந்தாரிடம் ஒரு வினா

வைத்தியரின் பிழை ஒருவரை வருத்தும். நிலத்தை ஆராய்வாரின் பிழை ஓர் ஊரையே வருத்தும். ஆதலின், புவிச்சரிதவியலாளருக்கு உரிமம் வழங்குமுன் எவ்வறிவைச் சோதித்தல் வேண்டும்? அமெரிக்க மாநிலங்களின் உரிமச் சபைகள் ஒன்றுகூடி இதற்கொரு வழி கண்டன. தொழில் புரிவோருக்கே வினாக்கொத்து அனுப்பி, ஒவ்வொரு பணியும் எத்துணை முறை நேர்கின்றது, அதிற் பிழைப்பின் மக்களுக்கு எத்துணைக் கேடு விளையும் என வினவுகின்றன. அவ்விடைகளைக் கொண்டே தேர்வில் எதற்கு எவ்வளவு இடம் என்பது வகுக்கப்படுகின்றது.

இவ்வினாவை நாம் புத்தளக் கரையில் வைத்துப் பார்ப்போம். கற்பிட்டி மணலின் கீழ் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. மிகுதியாக இறைப்பின் உவர் மேலேறும். தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றும் மணலூடே கிணற்றிற் சேரும். அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லோ நீரிற் கரைந்து வெடிப்புக் கொள்ளும் இயல்பினது. கொழும்புக் குப்பையை அங்கே கொணர முற்பட்டபோது, 2018, 2019 ஆம் ஆண்டுகளிற் புத்தளத்தார் எதிர்த்து நின்றமைக்கு நீர் பற்றிய அச்சமும் ஒரு காரணமாகும்.

அடிக்கடி செய்யும் பணியே தலையாய பணி என்பதில்லை. நிலத்தடி நீர் செல்லும் வழியை ஆராய்தல் அரிதாகவே நேரினும், அதில் வரும் பிழை தலைமுறை கடந்தும் கிணற்றில் நிற்கும். இத்துறை பயிலப் புகும் நம் மாணவர் இதனை நெஞ்சிற் பதித்துச் செல்க என விழைகின்றோம்.