மனச்சிதைவு நோயின் அறிகுறிகளை அளத்தலும் மொழிபெயர்ப்பும்

மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் வைப்பதன்று என்பதை இறையியல் பயில்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை. தரங்கம்பாடியில் 1715ஆம் ஆண்டு சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய காலந்தொட்டு, மூலத்தின் பொருளை மக்கள் மொழியில் எவ்வாறு தருவது என்னும் வினா நம்மைத் தொடர்ந்து வந்துள்ளது. அதே வினா இன்று மனநல மருத்துவமனையிலும் எழுகின்றது. அங்கே சொல் பிழைபடுமாயின், ஒரு மனிதனின் நோயே தவறாகக் கணிக்கப்படும். ஆகவே, மனச்சிதைவு நோயாளரையும் அவர்தம் குடும்பத்தாரையும் சந்திக்கும் திருச்சபை ஊழியர் அனைவரும் இதனைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம்.

பொது அளவுகோலின் தேவை

இந்நோய்க்கு 'ஸ்கிசோஃப்ரினியா' என்னும் பெயரை 1908ஆம் ஆண்டு வழங்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆய்கன் புளூலர். இரத்தப் பரிசோதனையாலோ எக்ஸ்ரே படத்தாலோ இதனை உறுதி செய்ய இன்றும் இயலாது. நோயாளி கூறுவதையும், மருத்துவர் காண்பதையும், உற்றார் உரைப்பதையும் கொண்டே முடிவு செய்ய வேண்டியுள்ளது. எனவே, கேட்கும் முறை மாறினால் முடிவும் மாறக்கூடும்.

இதற்குச் சான்று உண்டு. லண்டன் மருத்துவமனைகளைவிட நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோயாளர் மிகுதி என ஒரு காலத்தில் கணக்குகள் காட்டின. இரு நகர நோயாளரையும் ஒரே முறையில் வினவியபோது அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்தது. வேறுபாடு பெரிதும் நோயாளரிடம் இல்லை, மருத்துவரின் கணிப்பு முறையிலேயே இருந்தது என்பதை 1972இல் வெளியான அவ்வாய்வு நூல் காட்டியது. ஆங்கிலம் பேசும் இரு நாடுகளுக்கிடையே இந்நிலை எனில், வேற்று மொழிகளுக்கிடையே என்னாகும்?

உலக சுகாதார நிறுவனம் 1966இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வு இவ்வினாவை எதிர்கொண்டது. ஆகஸ், ஆக்ரா, காலி, இபாதான், லண்டன், மாஸ்கோ, பிராக், தைபே, வாஷிங்டன் ஆகிய ஒன்பது இடங்களில் 1202 நோயாளர் ஆராயப்பட்டனர். ஜான் விங் என்பாரும் அவர்தம் உடனுழைப்பாளரும் அமைத்த வினாத்தொகுப்பு, இந்தி, யொரூபா, சீனம் உள்ளிட்ட ஏழு மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஒன்பது இடங்களிலும் ஒத்த அறிகுறிகளையுடைய நோயாளர் உளர் என்றும், மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் இந்நோய்ப் பெயர் பிற இடங்களைவிட விரிந்த பொருளில் வழங்கப்பட்டது என்றும் 1973இல் வெளியான அறிக்கை கூறிற்று.

இது பெரும் சாதனையே. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு பண்பாட்டில் உருவான நோய் வகையை வேறொரு பண்பாட்டின்மேல் வைத்து, அது அங்கும் பொருந்துகிறது என ஆராயாமலே கொள்வதை 'வகைப்பாட்டுப் பிழை' என ஆர்தர் கிளைன்மன் 1977இல் சுட்டினார். நாம் கேட்கும் வினாக்களுக்கு எங்கும் ஒத்த விடை கிடைக்கலாம். நாம் கேளாது விட்டவை எவை என்பதை அவ்விடைகள் நமக்குக் கூறமாட்டா.

சொல் சரியாயினும் பொருள் பிழைத்தல்

மொழிபெயர்ப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவார். மூலத்தைக் காணாத வேறொருவர் அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்குவார். பின்னர் இரண்டும் ஒப்பிடப்படும். இது பயனுள்ள முறையே; ஆனால் போதுமானதன்று. 'குரல்கள் கேட்கின்றனவா?' என்னும் வினா பழுதின்றி ஆங்கிலத்திற்குத் திரும்பும். ஆனால் நோயாளியோ, 'ஆம் ஐயா, நீங்கள் பேசுவது நன்றாகவே கேட்கிறது' என விடையளிக்கக்கூடும். 'அருகில் எவரும் இல்லாதபோது யாரோ பேசுவதுபோல் காதில் விழுகிறதா?' என்று வினவினாலன்றி நோக்கம் நிறைவேறாது.

இன்று பெரிதும் வழங்கும் 'பான்ஸ்' என்னும் அளவுகோல் 1987இல் வெளியிடப்பட்டது. அதிலுள்ள 30 கூறுகள் ஒவ்வொன்றும் 1 முதல் 7 வரை மதிப்பிடப்படும். கருத்தளவில் சிந்திக்கும் ஆற்றல் அவற்றுள் ஒன்று. பழமொழிகளுக்குப் பொருள் கேட்டு இது சோதிக்கப்படுகிறது. உருளும் கல்லில் பாசி படியாது என்னும் பொருளுடைய ஆங்கிலப் பழமொழியை அவ்வாறே தமிழில் தந்தால், நலமுள்ள தமிழரும் கல்லைப் பற்றியும் பாசியைப் பற்றியுமே பேசுவர். அப்பழமொழியை அலைந்து திரிவோர்க்குக் கண்டனமாகக் கொள்வோரும், ஓயாது இயங்குவோர்க்குப் பாராட்டாகக் கொள்வோரும் ஆங்கிலேயரிடையேயும் உளர். 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' போன்ற நம் பழமொழியை வைக்கலாம். ஆனால் பள்ளியில் மனப்பாடம் செய்த விளக்கத்தை ஒருவர் ஒப்புவித்தால், அது சிந்தனையின் அடையாளமாகாது. எனவே பழமொழியை மாற்றும்போது அதன் கடினத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

காட்சியும் இவ்வாறே. முகத்தில் உணர்ச்சி குன்றுதல், பேச்சுக் குறைதல், கண்ணோக்கைத் தவிர்த்தல் ஆகியவை நோயின் அடையாளங்களாக எண்ணப்படுகின்றன. மாமியார் அருகிருக்க, அறிமுகமில்லாத ஆண் மருத்துவர்முன் தலைகுனிந்து ஓரிரு சொற்களில் விடையளிக்கும் இளம் மருமகளை அந்த அளவுகோலால் மட்டும் அளந்தால், அடக்கம் நோயாகிவிடும். அவள் தன் தோழியரிடத்தும் அவ்வாறே இருக்கிறாளா, முன்பும் அவ்வாறே இருந்தாளா என்று விசாரித்தறிதல் இன்றியமையாதது.

நம்பிக்கையும் நோயும்

இங்கு நம்மை நேரடியாகத் தொடும் பகுதிக்கு வருகிறோம். 'உங்கள் எண்ணங்களை வேறு எவராவது அறிகிறார்களா?' என்று வினவினால், ஆண்டவர் அறிகிறார் என்பது விசுவாசியின் விடை. 'ஆண்டவர் என்னோடு பேசினார்' என்பது நம் சாட்சிக் கூட்டங்களில் அன்றாடம் கேட்கும் வாக்கு. சமூகத்தார் பொதுவாக ஏற்றுக்கொண்ட நம்பிக்கையை நோய்க்குறியாகக் கொள்ளலாகாது என மருத்துவ இலக்கணமே கூறுகின்றது. ஆனால் எது பொதுவாக ஏற்கப்பட்டது என்பதை வெளியிலிருந்து வரும் மருத்துவர் எங்ஙனம் அறிவார்?

நோயாளர் கேட்கும் குரல்களும் பண்பாட்டின் சாயலைப் பெறுகின்றன. மானிடவியலார் தான்யா லூர்மனும் அவர்தம் குழுவினரும் கலிபோர்னியாவின் சான் மட்டேயோ, கானா நாட்டின் அக்ரா, நமது சென்னை ஆகிய இடங்களில் இடத்திற்கு 20 பேராக 60 நோயாளரை வினவி, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்க நோயாளர் பெரும்பாலும் வன்முறை தூண்டும் அந்நியக் குரல்களைப் பற்றிப் பேசினர். அக்ராவில் பலர் கடவுளின் குரலைக் கேட்டதாகக் கூறினர். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் உறவினர் குரல்களைக் கேட்டனர். அக்குரல்கள் வீட்டு வேலைகளைச் செய்யும்படி ஏவின. இவர்கள் அனைவரும் கடும் மனநோயுற்றவர்களே என்பதை மறத்தலாகாது. குரல் கடவுளுடையதாகவோ தந்தையுடையதாகவோ தோன்றுவதனால் ஒருவர் நோயற்றவர் என்றாகிவிடார்.

ஆகவே இருபுறமும் பிழை நேரக்கூடும். பக்தியை நோயெனக் கொள்வது ஒன்று. நோயைப் பக்தியெனவோ பேயின் செயலெனவோ கொண்டு சிகிச்சையைத் தாமதிப்பது மற்றொன்று. பின்னது ஓர் இளைஞனின் கல்வியையும் வேலையையும், சிலபோது உயிரையுமே பறித்துவிடும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில், பண்பாட்டுப் பின்னணியை அறிதற்கென 16 வினாக்கள் சேர்க்கப்பட்டன. தம் இன்னலை நோயாளி எப்பெயரால் அழைக்கிறார், அதன் காரணம் யாதென எண்ணுகிறார், யாரிடம் உதவி நாடினார் என்பன போன்றவை அவை. நோயாளியை நன்கறிந்தோரை வினவுவதற்கும் தனி வடிவம் உண்டு. அளவுகோலின் வினாக்களைப் பெயர்ப்பதோடு நில்லாமல், நோயாளியின் சொற்களையும் கேட்க வேண்டும் என்பதை மருத்துவ உலகம் உணர்ந்துள்ளதற்கு இது அடையாளமாகும்.

நன்கறிந்தோருள் ஆயரும் ஒருவராதல் கூடும். நோயைக் கணித்தல் ஆயரின் பணியன்று. ஆயினும், 'எங்கள் சபையில் இவ்வாறு பேசுவது வழக்கம். ஆனால் இவர் கூறுவது சபையார்க்கே விளங்கவில்லை. ஆறு திங்களாக உறக்கமில்லை. உணவில் நஞ்சு உள்ளதென்று தாயிடமும் உண்பதில்லை' என்று மருத்துவரிடம் எடுத்துரைக்க அவரால் இயலும். எந்த வினாத்தொகுப்பும் தானே தரவியலாத சான்று அது. குடும்பத்தார் நம்மிடம் முதலில் வரும்போது, செபித்து அனுப்பிவிடுவதோடு நில்லாமல், அவர்களோடு மருத்துவரிடம் சென்று இச்சான்றை வழங்குவோமாக.