தலைப்புப் பெயரில் ஓர் இடைவெளி ஏன் சிக்கலாகிறது?

இணையத்தில் கணினிகள் செய்தி பரிமாறப் பயன்படும் எச்.டி.டி.பி./1.1 நெறிமுறைப்படி அனுப்பப்படும் ஒவ்வொரு செய்தியின் முகப்பிலும், பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு என்ற வரிசையில் அமைந்த ‘தலைப்புகள்’ அச்செய்தியின் நீளம், வகை போன்ற விவரங்களை அறிவிக்கின்றன. ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், 15 குறிகள் ஆகியவை மட்டுமே பெயரில் வரலாம் என்று 2022இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9110 என்னும் இணையத் தர ஆவணம் வரையறுப்பதால், இடைவெளிக்கோ தமிழெழுத்துக்கோ அங்கே இடமில்லை. இது வெறும் சம்பிரதாயமன்று. நீளத்தை அறிவிக்கும் தலைப்பில் பெயருக்குப் பின் இடைவெளி இருக்க, அவ்வரியை வழியிலுள்ள ஒரு கணினி ஏற்று மற்றொன்று புறக்கணித்தால், செய்தி எங்கே முடிகிறது என்பதில் இரண்டும் முரண்பட, அந்த இடுக்கில் வேறொரு கோரிக்கையை ஒளித்து அனுப்பும் ‘கோரிக்கைக் கடத்தல்’ என்னும் தாக்குதலுக்கு வாய்ப்பு உருவாகிறது. எனவே வழங்கிக் கணினி (சர்வர்) அத்தகைய கோரிக்கையை 400 என்ற பிழைக்குறியுடன் மறுத்தாக வேண்டும்.

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் உருவாகி, 2014இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்ட நைஃபை போன்ற தரவோட்ட மென்பொருள்களில், ஒவ்வொரு தரவுத் துணுக்குடனும் ‘பண்புகள்’ எனப்படும் பெயர்-மதிப்பு இணைகள் பயணிக்கின்றன. பண்பின் பெயரில் இடைவெளி வரலாம் என்பதால், அப்பண்புகளையே எச்.டி.டி.பி. தலைப்புகளாக அனுப்பும்போது ஒரே ஒரு தவறான பெயர் முழுக் கோரிக்கையையும் வீழ்த்திவிடக்கூடும். இடைவெளியைச் சிறுகோடாக மாற்றுவது எளிய தீர்வாகத் தோன்றினாலும், அவ்வாறு மாற்றிய பெயர் ஏற்கெனவே உள்ள வேறொரு பெயருடன் மோதக்கூடும். மேலும், தலைப்புப் பெயர்களில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்படுத்தப்படுவதில்லை; பண்புகளிலோ அது பொருட்படுத்தப்படுகிறது. எனவே அவ்வேறுபாடு மட்டுமே உள்ள இரு பண்புகளும் தலைப்புகளாகும்போது மோதக்கூடும். தவறான பெயரை மட்டும் நீக்கி, நீக்கியதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு எஞ்சியவற்றை அனுப்புவதே ஒப்பீட்டளவில் நேர்மையான வழி.