செந்துருவுக்குள் எண்ணெய்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் சத்துக் குறைந்து மெலிந்த தேயிலைச் செடிகளைப் பாருங்கள். தண்டிலும் இலையிலும் செம்மஞ்சளாக, வெல்வெட் மாதிரி சிறு புள்ளிகள் இருக்கும். செந்துரு நோய். பார்வைக்குப் பங்கசு, உண்மையில் அது செபாலியூரஸ் என்னும் பச்சைப்பாசி. பச்சைப்பாசி எப்படிச் செம்மஞ்சளானது? கலத்துக்குள் மிதக்கும் எண்ணெய்த் துளிகளில் கரட்டீன் நிறமி கரைந்திருக்கிறது.

பாசிக்கு எண்ணெய் எதற்கு? பஞ்சகாலச் சேமிப்புத்தான். நைதரசன் தீர்ந்தால் புரதம் செய்ய வழியில்லை, கலம் பிரியாது. வெயிலோ விடாமல் அடிக்கிறது. ஒளித்தொகுப்பில் சேரும் காபன் போக்கிடமின்றிக் கொழுப்பாகத் திரள்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஊவாக் கொழுந்துக்கு ஏறும் வாசமும் இப்படியொரு நெருக்கடியின் விளைவே.

பாசி எண்ணெயிலிருந்து டீசல் செய்யும் முயற்சி இடறியதும் இந்தப் பட்டினியில்தான். பட்டினி போட்டால் எண்ணெய் கூடும், வளர்ச்சி நின்றுவிடும். திறந்த குளத்தில் லீட்டருக்கு ஒரு கிராம் காய்ந்த பாசி தேறினாலே பெரிது; அதை வடித்து உலர்த்தவே ஏகப்பட்ட சக்தி செலவாகும். 1978 இல் தொடங்கிய பாசி எரிபொருள் ஆய்வுத் திட்டத்தை அமெரிக்க அரசு 1996 இல் மூடிவிட்டது.

சத்து எண்ணெய் பிழைத்துக்கொண்டது. மீனிலுள்ள ஒமேகா-3க்கே மூலம் நுண்பாசிதான். பல குழந்தைப் பால்மாக்களில் சேரும் டிஎச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்பு, இருட்டுத் தொட்டியில் சீனி ஊட்டி வளர்த்த நுண்ணுயிர்களிலிருந்து வருகிறது, வெயிலே வேண்டாம். டீசலைவிடப் பல மடங்கு விலை கிடைப்பதால் கட்டுப்படியாகிறது. செந்துருவை மட்டும் யாரும் சுரண்டி எடுக்கப் போவதில்லை. தோட்டத்துக்கு அது வெறும் தொல்லை.